எந்த உப்பு? எவ்வளவு உப்பு?

தூத்துக்குடி உப்பளத்தில் கணக்கப்பிள்ளையிடம் கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். பாத்தித் தண்ணீரைக் குவளையில் மொண்டு அதை மிதக்கவிட்டால் தண்ணீர் எத்தனை ‘டிகிரி’ என்று காட்டிவிடும். இந்த டிகிரி வெயிலின் சூட்டைச் சொல்வது இல்லை. தண்ணீரின் கனத்தைச் சொல்வது. பாமே என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவு இது. அவர் பெயர் அளத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது, அளவு மட்டும் எல்லோருக்கும் அத்துப்படி.

கடல் தண்ணீர் ஏறக்குறைய 3 டிகிரியில் உள்ளே வருகிறது. ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள். ‘உப்புகள்’ என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதில் 27 கிராம் அளவுதான் நாம் சோற்றில் போடும் சோடியம் குளோரைடு. மீதி மக்னீசியம் குளோரைடு, மக்னீசியம் சல்பேட், கால்சியம் சல்பேட், பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு கூட்டம். வெயிலில் தண்ணீர் வற்ற வற்ற இவை ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது படியும். முதலில் சுண்ணாம்பு. 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம். 25 டிகிரி ஆன பிறகுதான் சோடியம் குளோரைடு கல் கட்டத் தொடங்குகிறது. அதனால்தான் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குத் தண்ணீரை மாற்றிக்கொண்டே போகிறார்கள்: சுண்ணாம்பும் ஜிப்சமும் முந்தைய பாத்திகளிலேயே தங்கிவிட வேண்டும். கடைசிப் பாத்தியில் தண்ணீர் 29, 30 டிகிரியைத் தொடும்போது உப்பை வாரிவிட்டு, எஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள். விட்டுவைத்தால் மக்னீசிய உப்புகள் கூடவே படிந்து எல்லாம் கசந்துபோகும். மக்னீசியம் சல்பேட்டுக்கு மருந்துக் கடையில் பேதி உப்பு என்று பெயர். கடலை அப்படியே வற்றவைத்துச் சமையலில் போட்டால் என்ன ஆகும் என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடும்.

ஆக, சாக்கில் வரும் கல் உப்புகூட ஏற்கெனவே நன்றாகப் பிரித்தெடுத்த ஒரு பொருள். சூரியனும், பாத்தி மிதித்தவரின் காலும், வாருபலகை பிடித்தவரின் கையும் சேர்ந்து செய்த சுத்திகரிப்பு அது. ‘பதப்படுத்தாத இயற்கை உப்பு’ என்று இன்று பொட்டலத்தில் அச்சடிப்பதைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

உப்பைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் சொன்னதும் நம் வீடுகளில் முதலில் நடப்பது உப்பை மாற்றுவதுதான். பொடி உப்பு போய்க் கல் உப்பு வரும். கல் உப்பு போய் இந்துப்பு வரும். கொஞ்சம் வசதியிருந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் ‘இமாலய’ உப்பு வரும். விலை பல மடங்கு. அளவு மட்டும் அப்படியே இருக்கும். சில வீடுகளில் கூடவும் செய்யும், நல்ல உப்புதானே என்ற தைரியத்தில்.

அந்த இளஞ்சிவப்பு உப்பின் பெரும்பகுதி பாகிஸ்தான் பஞ்சாபின் கேவ்ரா சுரங்கத்திலிருந்து வருவது. அங்குள்ள மலைத்தொடருக்கு உப்புத் தொடர் என்றே பெயர். பனி மூடிய இமயத்திலிருந்து அது வெகுதூரம். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஒரு பழங்கடல் வற்றிப் படிந்த உப்பு அது. அதாவது அதுவும் கடல் உப்புதான். பாத்தி மட்டும் பெரிது, பழையது. நிறம் இரும்பு ஆக்சைடு தந்தது, எளிமையாகச் சொன்னால் துருவின் நிறம். ‘84 தாதுக்கள்’ என்று அதற்கு ஒரு விளம்பரம் உண்டு. நுட்பமான கருவியில் வைத்தால் எந்தக் கல்லிலும் எண்பது தனிமங்களின் தடயம் தெரியும். ஈயமும் ஆர்சனிக்கும்கூட அந்தப் பட்டியலில் வரும். கருவிக்குத் தெரிவது வேறு, உடம்புக்கு உதவுவது வேறு.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உணவுக்கான உப்பில் ஈரம் நீங்கலாகக் குறைந்தது 96 விழுக்காடு சோடியம் குளோரைடு இருக்க வேண்டும் என்பது இந்திய விதி. இந்துப்பும் நல்ல கல் உப்பும் பெரும்பாலும் 97, 98ஐ ஒட்டியே நிற்கின்றன. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு சாப்பிடுகிறோம் என்று வைத்துக்கொண்டால், மற்ற எல்லாத் தாதுக்களும் சேர்த்து 100 முதல் 200 மில்லிகிராம். அதிலும் பாதிக்கு மேல் சல்பேட்டும் குளோரைடும் எடுத்துக்கொள்ளும். ஒரு வாழைப்பழத்தில் பொட்டாசியம் மட்டுமே 350 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. நூறு கிராம் முருங்கைக் கீரையில் கால்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல். தாதுச் சத்துக்காக உப்பை நாடுவதைவிடக் கொல்லையில் நிற்கும் முருங்கையை நாலு கொத்து ஒடித்துவருவது மேல்.

பொடி உப்பைப் பற்றிய பயங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஆலை உப்பு ‘பிளீச்’ செய்யப்பட்டது என்று ஒரு பேச்சு. வெள்ளை என்பதே சோடியம் குளோரைடு தூளின் நிறம், வெளுக்க ஒன்றுமில்லை. வழக்கமான ஆலையில் கல் உப்பை அடர்ந்த உப்புநீரிலேயே கழுவி, சுழற்றி நீரை வடித்து, அரைத்து, உலர்த்தி, அயோடினுக்காக அயோடேட்டைத் தெளிக்கிறார்கள். விலை கூடிய ரகங்களில் உப்பை மறுபடியும் கரைத்து, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் வீழ்படிவாக்கி நீக்கிவிட்டு, வெற்றிடக் கலங்களில் திரும்பப் படிகமாக்குகிறார்கள். இந்த உப்பு மழைக்காலத்திலும் கசியாமல் இருப்பதற்கு ஒரு காரணம், காற்றின் ஈரத்தை இழுக்கும் மக்னீசியம் குளோரைடு அதில் அநேகமாக இல்லாதது.

இன்னொரு காரணம்தான் பலரைக் கலங்க வைக்கிறது: ஃபெர்ரோசயனைடு. கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது. பெயரில் சயனைடு இருக்கிறதே என்று வாட்ஸ்அப்பில் வருடா வருடம் ஒரு சுற்று வரும். அந்த மூலக்கூற்றில் சயனைடு இரும்போடு மிக இறுக்கமாகப் பிணைந்திருக்கிறது. அடுப்புச் சூட்டிலோ வயிற்று அமிலத்திலோ ஆபத்தான அளவில் பிரிந்து வராது. இந்தியாவில் ஒரு கிலோ உப்புக்கு 10 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. 8 கிராம் உப்பில் அது 0.08 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவர் தினமும் வாழ்நாள் முழுக்க எடுத்தாலும் தீங்கில்லை என்று சர்வதேச நிபுணர் குழு வகுத்திருக்கும் அளவு 1.5 மில்லிகிராம். அந்த அளவை உப்பு வழியே எட்டுவதற்குள் உப்பே ஆளைச் சாய்த்துவிடும்.

கடலுப்பில் பிளாஸ்டிக் நுண்துகள்கள் இருப்பது உண்மை. தூத்துக்குடி உப்பை ஆராய்ந்தபோது கடல்நீர்ப் பாத்தி உப்பில் கூடுதலாகவும் ஆழ்குழாய் உவர்நீரில் விளைந்த உப்பில் குறைவாகவும் கண்டார்கள். அதுவும் பதப்படுத்தாததே சுத்தமானது என்ற நம்பிக்கைக்கு இடம் தருகிற சேதி இல்லை.

கல் உப்புக்கு ஒரே ஒரு நிஜமான சாதகம் இருக்கிறது. அது வேதியியல் சார்ந்தது இல்லை, கரண்டி சார்ந்தது. தலை தட்டிய ஒரு டீஸ்பூன் பொடி உப்பைத் தராசில் வைத்தால் 5 முதல் 6 கிராம் காட்டும். அதே கரண்டியில் கல் உப்பை அள்ளினால் கற்களுக்கு நடுவே காற்று இருப்பதால், கல்லின் பருமனைப் பொறுத்து, 4 கிராம் சொச்சம்தான் வரும். அளவுக் கரண்டியை மாற்றாமல் உப்பை மட்டும் மாற்றியவர் தன்னையறியாமல் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறார். ஆனால் நம் ஊர்ச் சமையல்காரரிடம் இது நெடுநாள் பலிக்காது. சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து, ‘இன்னும் ஒரு கல்லு போடலாம்’ என்று போட்டுவிடுவார். நாக்கு கிராமைத் திரும்பக் கேட்டு வாங்கிவிடும்.

அப்படியானால் எவ்வளவு? உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு, அதாவது சோடியம் 2 கிராம். உலகச் சராசரி இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவில் 2017-18இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பு, சிறுநீரைச் சோதித்து, சராசரி 8 கிராம் என்று கண்டது. ஆண்கள் 8.9, பெண்கள் 7.1. சிறுநீரைச் சோதித்தார்கள் என்பது முக்கியம். நேற்று எவ்வளவு உப்பு சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் யாரால் சொல்ல முடியும்?

வீட்டில் இதைத் தோராயமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரு கிலோ உப்புப் பொட்டலம் எத்தனை நாள் வருகிறது என்று கவனிப்பது. நான்கு பெரியவர்கள், ஆளுக்கு 5 கிராம் என்றால் பொட்டலம் 50 நாள் வர வேண்டும். ஒரு மாதத்துக்கு 600 கிராம். ஊறுகாய் போட்டது, மீன் கழுவியது போகத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். அதேபோல் டீக்கடை வடையும் அலுவலக கேன்டீன் சாப்பாடும் இந்தப் பொட்டலத்தில் வராது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் பொட்டலம் தீர்ந்து, இடையிடையே ஓட்டல் பிரியாணியும் நடந்தால், பத்து கிராமை நெருங்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கூடினால் என்ன? உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்ற பழமொழியில் உடலியங்கியல் அடங்கியிருக்கிறது. இரத்தத்தில் சோடியத்தின் செறிவைக் குறுகிய எல்லைக்குள் வைத்திருப்பதில் உடம்புக்குப் பிடிவாதம் அதிகம். உப்பு கூடினால் தாகம் எடுக்கும், தண்ணீர் தங்கும், குழாய்களில் ஓடும் திரவத்தின் அளவு கூடும். மிச்சத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் பாடு. அதன் வேலையளவு மலைக்க வைப்பது: ஒரு நாளில் 180 லிட்டர் திரவத்தை வடிகட்டுகிறது, அதில் கரைந்திருக்கும் உப்பு மட்டும் ஒன்றரைக் கிலோவை எட்டும். அதில் நூற்றுக்கு 99 பங்குக்கு மேல் திரும்ப உறிஞ்சிக்கொண்டு, நாம் சாப்பிட்ட எட்டு, பத்து கிராமை மட்டும் அளந்து வெளியே விடுகிறது. வயதாக ஆக, அல்லது பரம்பரை வாகு அப்படி இருந்தால், அதே உப்பை வெளியேற்றச் சிறுநீரகத்துக்குக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. உடம்பு அந்த அழுத்தத்தைக் கொடுக்கிறது. நாம் அதை இரத்தக் கொதிப்பு என்கிறோம்.

வயதானால் பிரஷர் ஏறத்தான் செய்யும் என்பது நம்மிடையே சர்வசாதாரணமான பேச்சு. 1988இல் வெளியான இன்டர்சால்ட் ஆய்வு அந்தப் பேச்சை ஆட்டம் காண வைத்தது. 32 நாடுகளின் 52 இடங்களில் பத்தாயிரத்துச் சொச்சம் பேரின் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்தார்கள். அமேசான் காட்டின் யனோமாமி மக்கள் உப்பென்று தனியாக எதையும் சேர்ப்பதில்லை. அவர்கள் சிறுநீரில் சோடியம் இருந்ததும் இல்லாததும் ஒன்று. சராசரி இரத்த அழுத்தம் 95/61. வயது கூடக் கூட அது ஏறவும் இல்லை. ஒல்லியான உடம்பு, ஓயாத நடை, மதுவின்மை என்று வேறு காரணங்களும் அவர்களிடம் உண்டு. எல்லாவற்றையும் உப்பின் தலையில் கட்ட முடியாது. ஆனால் அழுத்தம் ஏறுவது வயதின் விதி என்று இனி சொல்ல முடியாது.

கட்டுப்பாடான சோதனை 2001இல் வந்தது. அமெரிக்காவில் 412 பேருக்குச் சாப்பாட்டை ஆய்வுக்குழுவே சமைத்துக் கொடுத்து, சோடியத்தை மட்டும் மூன்று படிகளில் மாற்றிப் பார்த்தார்கள். வழக்கமான உணவிலேயே உச்சப் படியிலிருந்து கீழ்ப் படிக்கு இறங்கியபோது மேல் அழுத்தம் 6.7 புள்ளி குறைந்தது. காய், பழம், கொழுப்பு குறைந்த பால் மிகுந்த உணவையும் கூடச் சேர்த்தபோது, ஏற்கெனவே இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு 11.5 புள்ளி. ஒரு மாத்திரை செய்யும் வேலை அது.

எதிர்க்குரலும் இருக்கிறது, அதை மறைப்பது அறிவியல் ஆகாது. மிகவும் குறைத்தாலும் மாரடைப்பு கூடுகிறது என்று சில பெரிய ஆய்வுகள் கூறின. அவை பெரும்பாலும் ஒரே ஒரு முறை எடுத்த சிறுநீரை வைத்து நாள் முழுவதற்குமான உப்பைச் சூத்திரத்தில் ஊகித்தவை. நோயால் ஏற்கெனவே சாப்பாடு குறைந்தவர்கள் ‘குறைந்த உப்பு’ பட்டியலில் வந்து சேர்வதும் உண்டு. 2022இல் ஆறு நீண்டகால ஆய்வுகளைச் சேர்த்து, ஆளுக்குப் பல முறை எடுத்த 24 மணி நேரச் சிறுநீரை மட்டும் கணக்கில் கொண்டபோது குறைத்தாலும் ஆபத்து கூடும் என்ற அந்தப் போக்கு காணாமல் போய்விட்டது: சோடியம் ஒவ்வொரு கிராம் கூடும்போதும் இதய, இரத்தக்குழாய் நோய் 18 விழுக்காடு கூடியது. என் பார்வையில் 8லிருந்து 5க்கு இறங்க இந்தச் சான்று போதும்.  5க்கும் கீழே போகிற தமிழ்க் குடும்பத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. வெயிலில் நாள் முழுக்க வியர்வை சிந்தி உழைப்பவர், நீர்மாத்திரை சாப்பிடும் முதியவர் ஆகியோர் கதை வேறு. சோடியம் அதிகமாக இறங்கிவிட்டால் தலைசுற்றல், குழப்பம் எல்லாம் வரும்; அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உப்பில் கைவைக்கக் கூடாது.

இப்போது உப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1991இல் அளந்து பார்த்தபோது சாப்பிடும் சோடியத்தில் 77 விழுக்காடு ஆலையிலும் உணவகத்திலும் சேர்க்கப்பட்டது. சமையலிலும் மேசையிலும் சேர்ப்பது 11 விழுக்காடுதான். அங்கே மேசையிலிருக்கும் உப்புக் குப்பியை எடுத்து ஒளித்து வைப்பதால் பெரிய லாபமில்லை. நம் ஊரில் நிலைமை தலைகீழ். பெரும்பகுதி நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் சாடியிலிருந்தே வருகிறது. போடுவது நம் கை என்பதால் குறைப்பதும் நம் கையில்.

ஆனால் ஆலையும் வேகமாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது. ‘குறைவாகப் பதப்படுத்தியது’ என்ற தேர்வு உப்பில் பொருளற்றது என்று சொன்னேன். உணவில் அதற்கு முழுப் பொருளும் இருக்கிறது. ஒரு பொட்டலம் உடனடி நூடுல்ஸில் இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருப்பது சாதாரணம்; நாள் முழுவதற்குமான ஒதுக்கீட்டில் ஏறக்குறைய பாதி. பொட்டலத்தின் முதுகில் உப்பு என்று எழுதியிருக்காது, சோடியம் என்று மில்லிகிராமில் இருக்கும். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பு. எழுதியிருப்பது 100 கிராமுக்கா ஒரு வேளைக்கா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும், அங்கேதான் கண் ஏமாறும்.

நாக்கு கண்டுபிடிக்காத சோடியமும் உண்டு. ரொட்டி, பிஸ்கட்டில் இனிப்புக்கு அடியில் உப்பு ஒளிந்திருக்கும். ஆப்ப சோடாவும் அப்பளக்காரமும் சோடியம்தான், உப்புக் கரிப்பு இல்லாத சோடியம். அதனால் அப்பளம் இரண்டு வழியில் சோடியம் தருகிறது. நமது பழைய பதப்படுத்தல்களையும் விட்டுவிட முடியாது. ஊறுகாய், மோர்மிளகாய், வற்றல், கருவாடு எல்லாம் உப்பால் நீரை உறிஞ்சிக் கிருமியை வாழவிடாமல் செய்யும் உத்திகள். குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தின் அறிவு. பெட்டி வந்த பிறகும் அதே அளவு உப்பில் ஊறுகாய் போடுவதும், அதைத் தினம் மூன்று வேளை தொட்டுக்கொள்வதும் பழக்கத்தால் வருவது. உப்பு குறைத்த எலுமிச்சை ஊறுகாயைக் கொஞ்சமாகப் போட்டுப் பெட்டியில் வைத்துச் சில நாளில் தீர்த்துவிடலாம். மாமியார் ஒப்புக்கொள்ள மாட்டார். ஆறு மாதம் கெடாமல் இருந்தால்தான் அவருக்கு அது ஊறுகாய்.

குறைத்தால் சாப்பாடு உப்புச் சப்பில்லாமல் போய்விடுமே என்ற கவலைக்கு நல்ல விடை ஒன்று உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 1982இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிலரை ஐந்து மாதம் உப்பு குறைந்த உணவில் வைத்து, எவ்வளவு உப்பிட்ட ரசமும் பிஸ்கட்டும் அவர்களுக்குப் பிடிக்கிறது என்று அவ்வப்போது சோதித்தார்கள் (அவர்கள் கொடுத்தது சூப், நம் வசதிக்கு ரசம் என்று வைத்துக்கொள்வோம்). முதல் சில வாரம் ஒன்றும் மாறவில்லை. இரண்டு, மூன்று மாதத்தில் விருப்பம் கீழே இறங்கியது. முன்பு பிடித்த அளவு கரித்தது. பெரும்பாலானோர் முதல் வாரத்திலேயே தோற்றுவிடுவதற்கான விளக்கம் இதில் இருக்கிறது. 1987இல் அதே மையத்தின் மற்றொரு சோதனை இன்னும் சுவையானது. சமையலில் சோடியத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, உப்புக் குப்பியை இஷ்டத்துக்குப் பயன்படுத்தச் சொன்னார்கள். சமையலில் குறைத்த உப்பில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அவர்கள் திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

ஏனென்றால் நாக்குக்குத் தெரிவது எச்சிலில் கரைந்து சுவைமொட்டைத் தொடும் சோடியம் மட்டுமே. உருளைக்கிழங்கின் நடுவில் ஊறிக் கிடக்கும் உப்பு நேரே வயிற்றுக்குப் போகிறது. பொரியலிலும் சுண்டலிலும் வேகும்போது உப்புப் போடாமல், இறக்கும்போது பொடி உப்பைத் தூவினால் பாதி அளவு போதும். இங்கே பொடி உப்புதான் கெட்டிக்காரன். கல் உப்பு கரையாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடிபடும். சுண்டலில் மாங்காய்த் துருவல், ரசத்தில் கூடுதலாக இரண்டு மிளகு, கூட்டில் எலுமிச்சைச் சாறு என்று புளிப்பும் காரமும் உப்பின் இடத்தைக் கொஞ்சம் நிரப்பும். மோருக்கு உப்பு எதற்கு என்று நான் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டுப் பார்க்கட்டும்.

நிஜமான மாற்று உப்பு என்று ஒன்று உண்டென்றால் அது பொட்டாசியம் கலந்த உப்புதான். சோடியம் குளோரைடில் கால் பங்கை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்ப்பது. வேடிக்கை என்னவென்றால், இது நிறையப் பதப்படுத்திய உப்பு. ஆனால் உயிரைக் காத்ததற்குச் சான்று இருப்பது இதற்குத்தான்; இந்துப்புக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சீனாவில் ஐந்து மாகாணங்களில் 600 கிராமங்கள். பக்கவாதம் வந்தவர்கள் அல்லது அறுபதைத் தாண்டி இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள், 20,995 பேர். பாதிக் கிராமங்களுக்கு முக்கால் பங்கு சோடியம், கால் பங்கு பொட்டாசியம் கொண்ட உப்பைக் கொடுத்தார்கள். மீதிக்கு வழக்கமான உப்பு. ஐந்தாண்டுக்குச் சற்றுக் குறைவான காலத்தில் மாற்று உப்புக் கிராமங்களில் பக்கவாதம் 14 விழுக்காடும் மரணம் 12 விழுக்காடும் குறைவு. 2021இல் இந்த முடிவு வெளியானது. அதே ஆண்டு தெலங்கானாவின் சித்திப்பேட்டை கிராமங்களில், இரத்தக் கொதிப்பு உள்ள 502 பேரிடம் நடந்த சிறிய சோதனையின் முடிவும் வந்தது: மூன்று மாதத்தில் மேல் அழுத்தம் 4.6 புள்ளி குறைந்தது. புளியும் மிளகாயும் நம்மைப் போலவே சாப்பிடுகிறவர்கள். கசக்கிறது என்று ஒதுக்கிவிடவில்லை.

எச்சரிக்கை ஒன்று உண்டு, தடித்த எழுத்தில் சொல்ல வேண்டியது. சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இந்த உப்பு ஆகாது. வெளியேற முடியாத பொட்டாசியம் இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் சில மாத்திரைகளும் பொட்டாசியத்தைத் தேக்கிவைப்பவை. சர்க்கரை நோய் இத்தனை பரவிய ஊரில் தனக்குச் சிறுநீரகக் கோளாறு இருப்பதே தெரியாதவர்கள் ஏராளம். ஆகவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் சோதனை பார்த்துவிட்டு, மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டிய பொருள் இது. உலக சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் இந்த உப்பைப் பரிந்துரைத்தபோதும் சிறுநீரக நோயாளிகள், கர்ப்பிணிகள், குழந்தைகளை விலக்கியே சொன்னது. தமிழ்நாடு உப்பு நிறுவனம் வாலிநோக்கத்து உப்பிலிருந்து 2014இல் அம்மா உப்பைக் கொண்டுவந்தபோது மூன்று ரகங்களில் ஒன்று சோடியம் குறைந்த உப்பு. மூன்றில் அதுதான் விலை கூடியது. எளியவருக்கு எட்டும் விலையில் அது வராத வரை சீனத்துப் பலன் இங்கே கிடைக்காது.

கடைசியாக, இயற்கை உப்புக்கு மாறுகிறவர்கள் கவனிக்காமல் இழக்கும் ஒன்று: அயோடின். 1956இல் மருத்துவர் வி. ராமலிங்கசுவாமியும் அவர் குழுவினரும் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று வட்டாரங்களாகப் பிரித்தார்கள். இரண்டில் அயோடின் கலந்த உப்பு, ஒன்றில் சாதா உப்பு. சில ஆண்டுகளில் அந்த இரண்டு வட்டாரங்களிலும் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. சாதா உப்பு வட்டாரத்தில் அப்படி இல்லை. பிறகு அங்கேயும் அயோடின் உப்பைக் கொடுத்தார்கள். 1962இல் தேசியத் திட்டம் பிறந்தது இந்தச் சான்றின் மேல்தான். அயோடின் சேராத உண்ணும் உப்பு விற்கத் தடை 1998இல் வந்து, 2000இல் விலக்கப்பட்டு, 2006இல் திரும்ப வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் 2018-19 கணக்கெடுப்பில் போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் நாட்டில் 76.3 விழுக்காடு, தமிழ்நாட்டில் 61.9. மாநிலங்களில் கடைசி இடம். நாட்டிலேயே அயோடின் உப்பை அதிகம் உற்பத்தி செய்யும் மாநிலங்களில் ஒன்று இது என்பதுதான் கொடுமை.

காரணம் நமக்குத் தெரிந்ததே: கல் உப்பு மேல் உள்ள பிரியம். கழலை மலைநாட்டு நோய், கடலோரத்தில் இருக்கும் நமக்கு எதற்கு என்றும் கேட்கிறார்கள். கடல்நீரில் அயோடின் மிகக் கொஞ்சம். பாத்தியில் விளையும் உப்பில் அதுவும் அநேகமாகத் தங்குவதில்லை. இந்துப்பில் எதிர்பார்க்கவே வேண்டாம். வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. நுகர்வோர் கைக்கு வரும்போது ஒரு கிலோ உப்பில் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தக் கடைசி வரம்பில் இருக்கும் உப்பை 8 கிராம் சாப்பிட்டால் 120 மைக்ரோகிராம், 5 கிராம் சாப்பிட்டால் 75. உப்பைக் குறைப்பவருக்கு அயோடின் உள்ள உப்பு முன்னைவிட அவசியமாகிறது என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. குறைத்துக்கொண்டே இந்துப்புக்கும் மாறினால் கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தேவையானதை இரண்டு பக்கமும் வெட்டுகிறோம்.

கல் உப்பே வேண்டுமென்றால் அயோடின் சேர்த்த கல் உப்பு கடையில் கிடைக்கிறது. வாங்கி வந்து, மண் போகட்டும் என்று அலசும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. கல்லில் அயோடேட்டு மேற்பரப்பில்தான் தெளிக்கப்பட்டிருக்கிறது. அலசினால் மண்ணோடு அதுவும் போய்விடும். மண் இருந்தால் தேவையானதைத் தண்ணீரில் முழுக்கக் கரைத்து, தெளியவிட்டு, மேல்நீரைக் குழம்பில் ஊற்றிக்கொள்ளலாம். அயோடேட்டு அந்தத் தெளிநீரிலேயே இருக்கும். சூட்டிலும் ஈரத்திலும் அயோடின் வீணாகாமல் இருக்க, சாடியை அடுப்பின் பக்கத்திலிருந்து நகர்த்தி, மூடி போட்டு வைத்தால் போதும்.